ஜாமீன் வந்தது, மாத்திரை உள்ளேயே இருந்துவிட்டது

தம்பி விசாரணைக் கைதியாக இருந்தபோதுதான் ஹெபடைடிஸ் சி இருப்பது தெரிந்தது. பச்சை குத்திய ஊசியா, யாரோடோ மாற்றிக்கொண்ட பிளேடா, தெரியாது. சிறையில் அவனைப் பார்க்க மனுப் போட்டுப் போன அன்று, "ஈரல்ல கிருமியாம்ணே, அம்மாட்ட சொல்லாத" என்றான்.

முதலில் எடுத்தது ஆன்டிபாடி பரிசோதனை. கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்ததா என்று மட்டும்தான் அது காட்டும். கிருமி இப்போதும் உடம்பில் இருக்கிறதா என்று வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமியின் அளவு, பார்த்தால்தான் தெரியும். அதற்கு வெளியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வழிக்காவல் வேண்டும். போலீஸ் இல்லை என்று இரண்டு தேதி தள்ளிப்போனது. இரண்டு முறையும் அம்பாசமுத்திரத்திலிருந்து முதல் பஸ் பிடித்துப் போய், ஓ.பி. வாசலில் மத்தியானம் வரை நின்றுவிட்டுத் திரும்பினேன். மூன்றாவது தேதியில் வேலை முடிந்தது. 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மாத்திரை இலவசம். சோபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும், தினம் ஒரு வேளை, 84 நாள்.

45-ஆம் நாள், சனிக்கிழமை சாயங்காலம் ஜாமீனில் வந்தான். வீட்டில் துணிப்பையைக் கொட்டிப் பார்த்தால் மாத்திரையும் இல்லை, சிகிச்சை அட்டையும் இல்லை. இரண்டாவது டப்பாவின் மீதி 11 நாள் மாத்திரை உள்ளேயே இருந்துவிட்டது. ஞாயிறு காலையில் சிறைக்குப் போய்க் கேட்டேன். மருந்து கொடுப்பவர் லீவாம். திங்கட்கிழமை சிகிச்சை மையத்துக்குப் போனால், "அட்டை இல்லாம தர முடியாது, போய் வாங்கிட்டு வாங்க" என்று எழுத்தர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளை, முதல் நாளே வழிக்காவலுக்கு வந்த ஏட்டையாவிடம் கேட்டு அந்த அட்டையைப் போனில் படம் எடுத்திருந்தேன். பதிவு எண்ணைக் காட்டினேன். உள்ளிருந்த நர்ஸம்மா அதை வைத்துத் தேடி எடுத்து, அரை மணி நேரத்தில் மாத்திரை வாங்கித் தந்தார். விட்டது ஒரே ஒரு நாள். அதற்காக இரண்டாகப் போடக் கூடாது, அப்படியே தொடரவேண்டும் என்றார் டாக்டர்.

உங்கள் வீட்டு ஆள் யாராவது உள்ளே இந்த மாத்திரை சாப்பிட்டால், ஜாமீன் மனு போடும்போதே வக்கீலிடம் சொல்லிவையுங்கள். வெளியே வரும் நேரத்தில் மீதி மாத்திரையும் அட்டையும் கைக்கு வந்ததா என்று வாசலிலேயே பாருங்கள். அப்புறம், விஷயம் தெரிந்ததும் அம்மா அவனுக்குத் தனித் தட்டு எடுத்து வைத்தாள். தட்டு, டம்ளர் வழியாக இது ஒட்டாது. பிளேடும் பல்துலக்கும் பிரஷும்தான் தனியாக இருக்கவேண்டும்.

கடைசி மாத்திரைக்கு 12 வாரம் கழித்து எடுத்த வைரல் லோடில் 'கண்டறியப்படவில்லை' என்று வந்தது. அந்தத் தாளை ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்திருக்கிறோம். ஆன்டிபாடி எடுத்தால் குணமான பிறகும் பாசிட்டிவ் என்றுதான் காட்டும். அப்போது எடுத்துக் காட்ட அந்தத் தாள் வேண்டும்.