ஓசூரில் சபை தொடங்கக் கிளம்பியபோது

"நான் செத்துப் போனா எங்க கொண்டு அடக்குவிய மக்ளே?"

ஓசூரில் நாங்கள் நடத்திய இரண்டாவது வீட்டுக் கூட்டம் முடிந்து எல்லாருக்கும் காபி ஊற்றிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் அந்தப் பாட்டி இதைக் கேட்டார். மார்த்தாண்டம் பக்கத்துக்காரர். மகனுக்கு சிப்காட்டில் வேலை. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆறு மாதத்துக்கென்று வந்தவர், பதினோரு வருஷமாக ஓசூரிலேயே இருக்கிறார்.

என்னிடம் பதில் இல்லை. ஏழு மாதமாக ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம். இருநூறு பக்க நோட்டு ஒன்று போட்டு எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். நாற்காலி வாடகைக்கா சொந்தமாகவா, கீபோர்டு புதுசா பழசா, திருவிருந்துக் கிண்ணம் எத்தனை என்று பக்கம் பக்கமாக இருந்தது. கல்லறை என்ற சொல் மட்டும் அதில் எங்குமே இல்லை.

காரணம் நான் பிறந்த ஊர். நாசரேத் பக்கம் ஒரு கிராமம். எங்கள் பக்கம் சர்ச் என்று சொல்ல மாட்டோம், கோவில் என்றுதான் சொல்வோம். கோவில், பள்ளிக்கூடம், கல்லறைத் தோட்டம் மூன்றும் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்தே அங்கே இருக்கின்றன. அந்த வட்டாரத்து முதலூர் 1799-ல் கிறிஸ்தவர்களுக்கென்றே உண்டாக்கிய ஊர். இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர்களுக்கு சபை என்றால் ஏற்கெனவே இருக்கிற ஒன்று. அதையும் யாரோ ஒருநாள் ஓலைக் கொட்டகையில் ஆரம்பித்திருப்பார்கள், முதல் சாவு விழுந்தபோது குழி தோண்ட இடம் தேடி அலைந்திருப்பார்கள் என்று தோன்றவே தோன்றாது.

கல்யாணத்துக்கு அப்புறம் தூத்துக்குடியில், எந்தப் பெரிய திருச்சபை அமைப்பின் கீழும் இல்லாத ஒரு சுயாதீன சபைக்குப் போக ஆரம்பித்தோம். இவர் ஷிப்பிங் ஆபீஸ் வேலையை விட்டு வேதாகமக் கல்லூரியில் படித்து, அதே சபையில் உதவிப் போதகரானார். நான் பதினான்கு வருஷம் ஒரு ஆடிட்டரிடம் வேலை பார்த்தேன். 2022 ஏப்ரலில் சபையை நடத்துகிற மூப்பர்கள் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு ஓசூருக்குப் போக முடியுமா என்று கேட்டார்கள்.

ஏன் ஓசூர் என்று கேட்டால் தரிசனம், பாரம் என்று மேடையில் சொல்வோம். பொய்யில்லை. ஆனால் அதற்குள் ஒரு சாதாரணக் கணக்கும் இருந்தது. எங்கள் சபையில் ஐடிஐ, டிப்ளமோ முடித்த பையன்களில் பாதிப்பேர் ஓசூர் பஸ் ஏறிவிட்டார்கள். லேலண்ட், டிவிஎஸ், டைட்டன், அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்கிற சின்னச் சின்னக் கம்பெனிகள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும்போது "அங்க எந்தச் சபைக்குப் போற?" என்று கேட்டால் "போகணும்க்கா, ஷிப்ட் ஒத்து வரல" என்பார்கள். இதே பதில் மூன்று கிறிஸ்துமஸ் தொடர்ந்து வந்தது.

பணத்துக்கு வழி சொன்னது எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியம். 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்து, திருநெல்வேலிக்காரர்கள் தங்கள் காசில் தங்கள் ஆட்களையே தெலுங்கு தேசத்துத் தோர்ணக்கலுக்கு அனுப்பியது எங்கள் பக்கம் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கதை. என் ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசி எடுத்து மிஷன் பானையில் தனியாகப் போடுவாள். இப்போது யாரும் பானை வைப்பதில்லை. ஆளுக்கு மாதம் 200 ரூபாய் என்று 63 பெண்கள் பேர் கொடுத்தார்கள். மாதம் 12,600. மீதியைத் தாய்ச்சபை இரண்டு வருஷத்துக்குத் தருவதாகத் தீர்மானம் எழுதினார்கள். இரண்டு வருஷத்துக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்டேன். "விசுவாசம்" என்றார் ஒரு மூப்பர். அந்தச் சொல்லை நோட்டில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

மாதம் ஒரு தடவை மைசூர் எக்ஸ்பிரஸில் போய் வந்தோம். சாயங்காலம் தூத்துக்குடியில் ஏறினால் விடியுமுன் ஓசூர். முதல் தடவை ஸ்டேஷனில் இறங்கியதும் பல் கிட்டிவிட்டது. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் வாங்கியவர் யார்? இவர் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து ஆட்டோக்காரர் தெலுங்கில் பேச ஆரம்பித்துவிட்டார்.

காலை ஒன்பது மணி ஆராதனை என்ற எங்கள் திட்டம் முதல் மாதமே உடைந்தது. 31 பேரின் ஷிப்டை எழுதி வாங்கினேன். ஏ ஷிப்ட் காலை 6 முதல் 2 வரை, பி ஷிப்ட் 2 முதல் 10 வரை, சி ஷிப்ட் ராத்திரி 10 முதல் காலை 6 வரை. சனி ராத்திரி சி ஷிப்ட் போனவன் ஞாயிறு ஒன்பது மணிக்குப் பிணம் மாதிரித் தூங்குவான். சின்னக் கம்பெனிகளில் ஞாயிறு காலை ஓவர்டைம் கூப்பிடுவார்கள், ஊருக்குப் பணம் அனுப்புகிற பையன் அதை விடமாட்டான். பட்டியல் போட்டுப் பார்த்ததில் எல்லாருக்கும் ஓரளவு ஒத்து வந்தது ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணிதான். அதற்கு மூப்பர்களைச் சம்மதிக்க வைக்க இரண்டு கூட்டம் தேவைப்பட்டது.

அங்கே ஏற்கெனவே ஊழியம் செய்கிறவர்களைப் போய்ப் பார்க்கவேண்டும் என்றது இவர். எனக்குத் தயக்கம். ஒருவர் முகத்துக்கு நேரே, "எங்க சபையிலருந்து எத்தன பேரக் கூட்டிட்டுப் போகப் போறீங்க?" என்றார். நியாயமான கேள்வி. ஆடு திருடித்தான் பல புதுச் சபைகள் நிறைகின்றன என்பது ஊழியத்தில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். "உங்க சபைக்காரங்க யாராவது வந்தா உங்ககிட்டருந்து கடிதம் வாங்கிட்டு வரச் சொல்லுவோம்" என்று இவர் வாக்குக் கொடுத்தார். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் டீ சொன்னார்.

அறக்கட்டளைப் பத்திரம் என் பொறுப்பு. இதில் எனக்கும் இவருக்கும் சண்டையே வந்தது. பல சுயாதீன சபைகளில் பாஸ்டர் ஆயுசுக்கும் நிர்வாக அறங்காவலர், அவர் மனைவி பொருளாளர், அப்புறம் மகன். காணிக்கையில் வாங்கின நிலம் நாற்பது வருஷத்தில் குடும்பச் சொத்தாகி, அண்ணன் தம்பி கோர்ட்டில் நிற்கிறார்கள். ஆடிட்டர் ஆபீசில் அப்படிப்பட்ட கோப்புகளைப் புரட்டியிருக்கிறேன். அதனால் அறங்காவலர் ஐந்து பேரில் எங்கள் குடும்பத்திலிருந்து ஒருவருக்கு மேல் கூடாது, பதவி வாரிசுக்குப் போகாது, சபை கலைந்தால் சொத்து அதே நோக்கமுள்ள வேறு அறக்கட்டளைக்குப் போகும் என்று மூன்று வரி எழுதினேன். "என்மேலயே நம்பிக்கை இல்லையா?" என்றார். "உங்கமேல இருக்கு. நமக்குப் பிறக்கப் போற பேரன்மேல இல்ல" என்றேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

இந்த வேலையில் இறங்குகிறவர்களுக்கு இரண்டு விஷயம். நாங்கள் பதிவு செய்தபோது இருந்த வருமான வரிச் சட்டப்படி, ஒரு மதத்தாரின் நன்மைக்கு மட்டும் என்று அமைந்த அறக்கட்டளைக்கு 80ஜி, அதாவது நன்கொடை கொடுப்பவருக்கான வரிச்சலுகை, கிடைக்காது. சபையின் வருமானத்துக்கு வரிவிலக்கு வாங்குகிற 12ஏபி பதிவு வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு ரசீதில் 80ஜி என்று அச்சடித்துவிடாதீர்கள். அடுத்தது வெளிநாட்டுப் பணம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டமான எஃப்சிஆர்ஏ-வின் கீழ் பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அதைத் தொடக்கூடாது. பதிவு கேட்க அமைப்புக்கு மூன்று வருஷமாவது ஆகியிருக்கவேண்டும், அந்த மூன்று வருஷத்தில் 15 லட்சம் செலவு காட்டவேண்டும். மஸ்கட்டில் இருக்கும் என் தம்பி இந்தியப் பாஸ்போர்ட்காரன். அவன் தன் சம்பளத்திலிருந்து பேங்க் வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அதே தெருவில் இருக்கிற, குடியுரிமை மாறிய நண்பர் அனுப்பினால் ஆகும். ஒருவர் அன்போடு அனுப்பிய தொகையைத் திருப்பி அனுப்பினேன். இன்னும் கோபமாகத்தான் இருக்கிறார்.

கல்யாணம் நடத்துவதற்கும் உரிமம் வேண்டும், 1872-ம் வருஷத்துக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி. இவருக்கு அது வரும்வரை தாய்ச்சபைப் போதகரே ஓசூருக்கு வந்து நடத்துவார் என்று முடிவு செய்தோம்.

இடம் தேடினதுதான் பெரும்பாடு. வழிபாட்டுக்கென்று கட்டடம் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். எங்கள் கையில் கட்டுகிற அளவுக்குக் காசே இல்லை, வாடகை இடம் போதும். ஏழு வீட்டுக்காரர்கள் முடியாது என்றார்கள். ஒருவர் அட்வான்ஸ் வாங்கி மூன்றாம் நாள் திருப்பித் தந்தார், பக்கத்து வீட்டில் ஏதோ சொன்னார்களாம். எட்டாவது பாகலூர் ரோட்டுப் பக்கம், முன்பு தையல் யூனிட் நடந்த ஒரு மாடி ஹால். வீட்டுக்கார அம்மா வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், காய்கறிக்காரரிடம் கன்னடம்.

முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கிக்கொண்டு போயிருந்தேன். நெய்யே இல்லாமல் தேங்காய்ப் பாலில் கிண்டுவது என்றதும் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தார். சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "செருப்பெல்லாம் எங்க விடுவீங்க?" அடுத்து வண்டி. அடுத்து மைக். கடைசியாக, "மதம் மாத்துறதெல்லாம் உண்டா?"

இவர் மழுப்பவில்லை. "தேடி வந்து கேட்கிறவங்களுக்குச் சொல்லுவோம்மா. வீடு வீடாப் போய் நோட்டீஸ் கொடுக்க மாட்டோம். காசோ அரிசியோ கொடுத்து யாரையும் கூப்பிட மாட்டோம்."

"எழுதிக் கொடுப்பீங்களா?"

கொடுத்தோம். வாடகை ஒப்பந்தத்திலேயே வாராந்திர ஆராதனை என்று வெளிப்படையாக எழுதினோம். டியூஷன் சென்டர் என்று போட்டுக்கொள்ளலாம் என்று புரோக்கர் சொன்ன யோசனை வேண்டாம் என்றுவிட்டேன். பொய்யில் ஆரம்பித்துவிட்டு மேலே போய்ச் சத்தியத்தைப் பிரசங்கிப்பது எப்படி? செருப்புக்குப் படிக்கட்டின் கீழே இரும்பு ரேக், வண்டிக்குப் பின்பக்கத்துக் காலி மனை. குடியிருப்புப் பகுதியில் பகலில் சத்தத்துக்கு வரம்பு 55 டெசிபல். அதனால் டிரம்ஸ் வேண்டாம் என்று முடிவானது. ஆறு மாதம் டிரம்ஸ் பழகியிருந்த பையன் ஒருவன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். அவனை ரேக்குக்குப் பொறுப்பாக்கினோம், அதற்கும் சந்தோஷப்படவில்லை.

ஞானஸ்நானம் எங்கே என்பதற்குப் பையன்கள் கெலவரப்பள்ளி அணை என்று எழுதி வைத்திருந்தார்கள். போய்ப் பார்த்தால், பெங்களூர்க் கழிவு கலந்து வந்து தண்ணீர் முழுக்க நுரை, சோப்புத் தண்ணீர் மாதிரிப் பொங்குகிறது. கடலோரம் வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் ஒரு பிரச்சினையாகும் என்று தோன்றியதே இல்லை. பெரிய பிளாஸ்டிக் தொட்டி என்று நோட்டில் திருத்தினேன்.

இத்தனைக்கும் நடுவில் பாட்டியின் கேள்வி அப்படியே இருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் என்னைப் பார்த்துச் சிரிப்பார், திரும்பக் கேட்கமாட்டார். அதுதான் தாங்கவில்லை. சொந்தமாகக் கல்லறை நிலம் வாங்க முடியுமா என்று விசாரித்தேன். ஊராட்சிப் பகுதியில் புது மயானத்துக்கு உரிமம் வேண்டும், குடியிருப்புக்கும் குடிநீர் எடுக்கிற இடத்துக்கும் 90 மீட்டருக்குள் இருக்கக்கூடாது. நிலத்தின் விலையைக் கேட்டதும் நோட்டை மூடிவிட்டேன். பொது மயானம் இருக்கிறது. ஆனால் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி வைக்கப் பேர் எழுதின சிலுவை ஒன்று வேண்டும் என்ற ஆசை அந்தப் பாட்டிக்கு. எனக்கும்தான்.

கடைசியில், ஆட்டைத் திருட வந்தீர்களா என்று கேட்டவரிடமே போனோம். அவர்கள் சபைக்குக் கல்லறைத் தோட்டம் உண்டு. கமிட்டியில் வைக்கவேண்டும் என்றார். நான்கு மாதம் ஆனது. அதற்குள் அவர்கள் சபைக் குடும்பம் ஒன்று எங்கள் கூட்டத்துக்கு வர, இவர் சொன்ன வாக்குப்படியே கடிதம் வாங்கிவரத் திருப்பி அனுப்பியிருந்தார். அது கமிட்டியில் பேசப்பட்டதா என்று எனக்குத் தெரியாது. 2023 மே மாதம், நாங்கள் சாமானை லாரியில் ஏற்றிய வாரம், கடிதம் வந்தது. பத்து வரிகூட இல்லை. எங்கள் சபையார் இறந்தால் இன்ன கட்டணம் கட்டி, முன்கூட்டிச் சொல்லி, அடக்கம் செய்துகொள்ளலாம்.

பாட்டியிடம் வாசித்துக் காட்டினேன். இடத்தைப் பார்க்கவேண்டும் என்றார். மகன் வேலைக்குப் போயிருந்த நேரம் ஆட்டோ பிடித்துப் போனோம். மதில் ஓரம் தைலமரங்கள். பாட்டி ஒரு கல்லறைமேல் கையை ஊன்றிக் குனிந்து, கொஞ்சம் மண்ணை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"செவப்பாத்தான் இருக்கு. எங்க ஊரு மண்ணு மாதிரி."

திரும்பும் வழியில் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"ஞாயித்துக்கெழம எத்தன மணிக்கு?"

"அஞ்சு மணிக்கு ஆச்சி. நாங்க வந்து கூட்டிட்டுப் போறோம்."

"மாடியாக்கும்? படி எத்தன?"

பதினெட்டு. பாட்டிக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம் என்பது அந்த வட்டாரத்துக்கே தெரியும். ஹாலை நீளம் அகலம் அளந்து, ஜன்னலை எண்ணி, பிளக் பாயிண்ட்வரை எழுதிய நான் படியை எண்ணவில்லை.

முதல் ஆராதனைக்கு, டிரம்ஸ் பையனும் இன்னொருவனும் பாட்டியைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து அப்படியே தூக்கிக்கொண்டு ஏறினார்கள். கீழே வாசலில் வீட்டுக்கார அம்மா நின்று, பார்த்து, பார்த்து என்று தெலுங்கில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்கு அந்தத் தெருவில் 55 டெசிபலைத் தாண்டினது அவர் ஒருவர்தான்.