லாரன்ஸில் ஒரு பாஸ்கெட்பால் குளிர்காலம்

2021 நவம்பரில் ஆபீஸ் வேலையாக ஆறு மாதம் அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துக்குப் போகச் சொன்னார்கள். "அங்கே என்னய்யா இருக்கு?" என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். கோதுமை வயல், மாடு, சூறாவளி. அப்புறம் என் அக்கா வீடு. அக்காவும் அத்தானும் பத்து வருஷமாக ஓவர்லாண்ட் பார்க்கில் இருக்கிறார்கள். அங்கிருந்து கே-10 நெடுஞ்சாலையில் மேற்கே முக்கால் மணி நேரம் காரில் போனால் லாரன்ஸ், கான்சஸ் பல்கலைக்கழகம் இருக்கிற ஊர். அக்கா மகள் அங்கே கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொரு வயதாகியும் எங்கள் வீட்டில் அவள் பாப்பாதான்.

நன்றி சொல்லும் நாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தவளை ஞாயிற்றுக்கிழமை நான்தான் கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் ஒரே புலம்பல். இரண்டு நாள் முன்பு ஆர்லாண்டோவில் நடந்த ஆட்டத்தில் டேட்டன் அணி கடைசி நொடியில் பந்தைப் போட்டு 74-73 என்று அவள் பல்கலைக்கழகத்தின் கான்சஸ் அணியைக் கவிழ்த்திருந்தது. அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரை டப்பாவை ஃபிரிட்ஜில் வைக்கப் போனபோது அந்தத் தாளைப் பார்த்தேன். காந்தத்தில் மாட்டிய, ஓரம் மஞ்சளித்த ஏ4 தாள். இரண்டு பக்கமும் கிளை கிளையாகக் கோடுகள் போய் நடுவில் சேர்கின்றன. நம்மூர் டோர்னமென்ட்டில் ஃபிக்ஸ்சர் ஒட்டுவார்களே, அதே மாதிரி. ஆனால் ஒரு அணியின் பெயர்கூட இல்லை. மேலே 2020 என்று மட்டும் இருந்தது.

"அதைத் தொடாதீங்க மாமா" என்றாள்.

அப்புறம்தான் கதை வந்தது. 2020 மார்ச்சில் அவள் இரண்டாம் வருஷம். கான்சஸ் 31 ஆட்டம் ஆடி 28 ஜெயித்து, நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது. மார்ச் நடுவில் தொடங்கி 68 கல்லூரி அணிகள் மோதும் நாக்-அவுட் போட்டிதான் அமெரிக்கக் கல்லூரி பாஸ்கெட்பாலின் உச்சம். எந்த அணி யாரோடு மோதும் என்று அறிவிப்பதற்கு முன்பே வெற்றுப் படிவத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு ஊரே காத்திருக்கும். மார்ச் 12-ஆம் தேதி, கொரோனாவால் போட்டியையே ரத்து செய்துவிட்டார்கள். அட்டவணை வரவே இல்லை. தோற்றிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன், இது அப்படிக்கூட இல்லையே என்றாள். இரண்டு வருஷத்தில் மூன்று வாடகை வீடு மாறியும் தாள் கூடவே வந்திருக்கிறது.

எனக்கும் பாஸ்கெட்பாலுக்கும் பள்ளிக்கூடத்து உறவு. பாளையங்கோட்டையில் சிமென்ட் கோர்ட்டில் முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். எங்கள் பி.டி. சார் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியில் படித்தவர். ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர் 1920-இல் தொடங்கிய கல்லூரி அது. பக் படித்தது மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில். 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நைஸ்மித் என்ற கனடாக்காரர், குளிர்காலத்தில் வெளியே போக முடியாத மாணவர்களைச் சமாளிக்க, ஜிம்மின் மாடத்தில் இரண்டு பீச் பழக்கூடைகளை அடித்து இந்த ஆட்டத்தை உண்டாக்கியதும் அதே நிறுவனத்தில்தான். அந்த மாடம் பத்தடி உயரம். இன்றைக்கும் ரிங் பத்தடி. பாளையங்கோட்டையில் எனக்கு எட்டாமல் போன அந்தப் பத்தடிக்குக் காரணம் ஒரு கட்டட மேஸ்திரி என்று தெரிந்தபோது மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அந்த நைஸ்மித் 1898-இல் லாரன்ஸுக்கு வந்து சேர்ந்தார். கான்சஸ் அணியின் முதல் கோச் அவர்தான். 55 வெற்றி, 60 தோல்வி. இத்தனை வருஷத்தில் இங்கே ஜெயித்ததைவிட அதிகம் தோற்ற ஒரே கோச், ஆட்டத்தைக் கண்டுபிடித்தவரே! 1939-இல் இறந்தார். டிசம்பரில் ஒரு நாள் பாப்பா என்னைக் கல்லறைத் தோட்டத்துக்கு அழைத்துப்போனாள். மேலே பனி. கையுறையால் துடைத்துத் துடைத்து ஒரு பெயரைப் படித்தால் அது வேறு யாரோ. மூன்று கல்லைத் துடைத்த பிறகுதான் சரியான ஆள் கிடைத்தார். கும்பிடுவதா, சும்மா நிற்பதா என்று எனக்குத் தெரியவில்லை. பாப்பா செல்ஃபி எடுத்தாள்.

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அடிமை முறையை எதிர்த்தவர்கள் மாசசூசெட்ஸ் பக்கத்திலிருந்து 1854-இல் வந்து அமைத்த ஊர் இது. அதனால்தான் கடைத்தெருவுக்குப் பெயரே மாசசூசெட்ஸ் தெரு. சுருக்கமாக மாஸ் ஸ்ட்ரீட் என்கிறார்கள். 1863 ஆகஸ்டில், அடிமை முறையை ஆதரித்த குவான்ட்ரில் என்பவனின் கூட்டம் பக்கத்து மாநிலமான மிசௌரிப் பக்கமிருந்து வந்து ஊரைக் கொளுத்தி, நூற்றைம்பது பேருக்கு மேல் கொன்றுபோட்டது. கான்சஸ் அணிக்கு இருக்கும் ஜேஹாக் என்ற பெயரும் அந்தக் காலத்துச் சண்டைக்காரர்களிடமிருந்து வந்ததுதான். அப்படி ஒரு பறவையே கிடையாது. மிசௌரி பல்கலைக்கழகத்தோடு மோதும்போது இந்த ஊருக்கு ஏன் இவ்வளவு வெறி ஏறுகிறது என்று இதைக் கேட்ட பிறகுதான் புரிந்தது. அந்த டிசம்பரில் மிசௌரி பல வருஷம் கழித்து ஆட வந்தது, 102-65 என்று வாங்கிக்கட்டிக்கொண்டு போனது.

நான் நேரில் பார்த்தது ஒரே ஆட்டம். 2022 ஜனவரி 24, திங்கட்கிழமை இரவு, டெக்சஸ் டெக் அணியோடு. மாணவர்களுக்கு இடம் பிடிக்கத் தனி முறை இருக்கிறது. கூட்டாளிகள் குழுவாகப் பெயர் கொடுத்துவிட்டு, காலை ஆறு மணியிலிருந்து அரங்கத்துக்குள் முறை வைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும் ஆஜர் எடுப்பார்கள், ஆள் இல்லையென்றால் பெயர் போச்சு. பாப்பா அங்கேயே உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதினாள். நான் காசு கொடுத்து ஆன்லைனில் வாங்கிய ஆள். டிக்கெட் போனுக்குள் இருந்தது. வாசல் வரிசையில் நின்ற குளிரில் போன் செத்துவிட்டது! பின்னால் நின்ற ஒரு தாத்தா தன் பவர் பேங்கைக் கொடுத்து, உயிர் வருகிற வரை எனக்காக வரிசையை விட்டு ஒதுங்கி நின்றார். 1960-களிலிருந்து வருகிறாராம். என் போன் திறந்ததும் என்னைவிட அவருக்குத்தான் நிம்மதி.

ஆலன் ஃபீல்ட்ஹவுஸ் 1955-இல் திறந்த கட்டடம். நான் போனபோது 16,300 பேர் உட்காரலாம். பெரும்பாலும் நெருக்கியடித்து பெஞ்சுதான். ஃபாக் ஆலன் என்ற கோச்சின் பெயர் இதற்கு. பனிமூட்டத்தில் கப்பலுக்கு ஊதும் சங்கு மாதிரி குரலாம், அதனால் அந்தப் பட்டம். உள்ளே உயரத்தில் ஒரு பேனர், 'உள்ளே வருவோரே, ஃபாக் ஜாக்கிரதை' என்ற பொருளில். 1988-இல் மாணவர்கள் விடுதிக் குளியலறைத் திரைகளைக் கழற்றி வந்து முதலில் செய்ததாம். ஆலனிடம் ஆடிய இரண்டு பேர் பின்னால் என்ன ஆனார்கள் என்பதுதான் வேடிக்கை. அடால்ஃப் ரப் கென்டக்கி அணியை வளர்த்தார், டீன் ஸ்மித் நார்த் கரோலினாவை வளர்த்தார். கான்சஸுக்கு வாய்த்த இரண்டு பெரிய பங்காளிகளும் கான்சஸ் சோறு தின்றவர்கள் கட்டியெழுப்பிய அணிகள்!

எதிரணி வீரர்களை அறிமுகப்படுத்தும்போது மாணவர் பகுதி முழுக்க நாளிதழை விரித்து முகத்தை மூடிக்கொண்டது. நீ யாராயிருந்தால் எனக்கென்ன என்று அர்த்தம். தங்கள் அணி வந்ததும் அதே தாள்களைக் கிழித்துப் பறக்கவிட்டார்கள். அதற்கு முன் விளக்கைக் குறைத்து அந்தக் கோஷம். ராக்... சாக்... ஜே...ஹாக்... கே... யூ... ஒவ்வொரு எழுத்தையும் இழுத்து, அடித்தொண்டையில். நம்மூர் விசில் சத்தத்துக்குப் பழகிய காதுக்கு ஒப்பாரி மாதிரிதான் பட்டது. மூன்றாவது தடவை கையில் மயிர்க்கூச்செறிந்தது. சாக் என்பது பல்கலைக்கழகம் இருக்கிற குன்றின் சுண்ணாம்புக்கல். கே.யூ. என்பது பல்கலைக்கழகத்தின் சுருக்கப் பெயர். விஞ்ஞான மன்றம் ஒன்று 1886-இல் உண்டாக்கிய கோஷம் என்கிறார்கள்.

கான்சஸ் கோச் பில் செல்ஃபின் அப்பா இறந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. மனிதர் வந்து, எப்போதும் போல நடுவரிடம் கத்திக்கொண்டிருந்தார். நான் பாதி நேரம் அவரையே பார்த்தேன். ஆட்டம் சமனில் முடிந்து ஓவர்டைம் போனது. அதிலும் கடைசி நொடிகளில் மூன்று புள்ளி பின்னால். ஓச்சாய் அக்பாஜி வளைவுக்கு வெளியிலிருந்து எகிறினார். பந்து வலையில் இறங்கிய சத்தம் எனக்குக் கேட்கவில்லை, பெஞ்சு அதிர்ந்தது கால் வழியாகத் தெரிந்தது. இரண்டாவது ஓவர்டைம். 94-91, கான்சஸ். அக்பாஜிக்கு மட்டும் 37 புள்ளி. பாப்பாவுக்கு மூன்று நாள் குரல் இல்லை. அக்கா என்னைத் திட்டினாள், என்னமோ நான் கத்தவிட்டது மாதிரி.

அந்த வாரமே சனிக்கிழமை கென்டக்கி வந்து, இதே அரங்கத்தில் 80-62 என்று அடித்துவிட்டுப் போனது. பாப்பா வாட்ஸாப்பில் ஒரு வார்த்தை போடவில்லை. பிப்ரவரி முழுக்க இப்படித்தான், நாலு ஜெயித்தால் ஒன்று வழுக்கும். மார்ச் முதல் தேதி டி.சி.யு. என்ற டெக்சஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழக அணியிடம்கூடத் தோற்றார்கள். இந்த அணி தேறாது என்று நான் தீர்மானித்துவிட்டேன். என் தீர்மானங்களின் லட்சணம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

நாக்-அவுட் தொடங்கியதும் கென்டக்கி முதல் ஆட்டத்திலேயே செயின்ட் பீட்டர்ஸ் என்ற சின்னக் கல்லூரியிடம் தோற்று வெளியேறியது. லாரன்ஸில் அன்றைக்கு மழை பெய்த மாதிரி ஒரு குளிர்ச்சி. கான்சஸ் டெக்சஸ் சதர்ன், கிரெய்ட்டன், பிராவிடன்ஸ் என்று தாண்டியது. பிராவிடன்ஸை வென்றதோடு, கல்லூரி பாஸ்கெட்பால் வரலாற்றின் மொத்த வெற்றிக் கணக்கில் கென்டக்கியை முந்தி அப்போது முதலிடம். மயாமியோடு பாதி ஆட்டத்தில் ஆறு புள்ளி பின்தங்கி, முடிவில் 76-50. அரையிறுதியில் வில்லனோவா. ஃபைனலில் நின்றது நார்த் கரோலினா, அதே பங்காளி.

ஏப்ரல் 4 இரவு பாப்பா வீட்டில் பத்துப் பதினைந்து பேர். பாதிப் பேர் தரையில். ஆட்டம் நடந்தது நியூ ஆர்லியன்ஸில். இடைவேளையில் 40-25, பதினைந்து புள்ளி பின்னால். யாரும் பேசவில்லை. ஒரு பையன் எழுந்துபோய் யாரும் கேட்காமலே பாத்திரம் கழுவ ஆரம்பித்தான். கோச் அங்கே உள்ளே என்ன சொன்னார் என்று மறுநாள் செய்தியில் படித்தேன். 2008 ஃபைனலில் இரண்டு நிமிடம் மிச்சமிருக்க ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்து ஜெயித்தவர் அவர். இருபது நிமிடத்தில் பதினைந்தா, இரண்டு நிமிடத்தில் ஒன்பதா, எது வேண்டும் என்று கேட்டாராம்.

இரண்டாம் பாதியில் பந்து பிடுங்குவதும் ஓடுவதுமாக ஒன்றொன்றாகக் கழித்தார்கள். பாத்திரம் கழுவிய பையனை, நுரைக் கையோடு, அங்கேயே நில் என்று சொல்லிவிட்டார்கள். சகுனம். மூட நம்பிக்கையில் நாம்தான் முதல் என்று நினைத்திருந்தேன். நார்த் கரோலினாவின் பேக்காட் கணுக்கால் மடங்கி நொண்டியபோது மட்டும் அறையில் ஒருவரும் கைதட்டவில்லை. கான்சஸின் மெக்கார்மக் ரிங்குக்குப் பக்கத்தில் இரண்டு முறை போட்டார், 72-69. முடிந்தது என்று எழுந்தால், 4.3 நொடி இருக்கும்போது எங்கள் ஹாரிஸ் எல்லைக் கோட்டை மிதித்துவிட்டார். பந்து நார்த் கரோலினாவுக்கு. கடைசி மூன்று புள்ளி எறிதல் தவறியது. முதல் பாதியில் ஒரு கட்டத்தில் பதினாறு புள்ளி பின்னால் இருந்தார்கள்; ஃபைனலில் அதுவரை யாரும் அவ்வளவு பின்னாலிருந்து வந்து ஜெயித்ததில்லை. அக்பாஜி, மெக்கார்மக், பிரான் எல்லாரும் அந்த 2020 அணியிலும் இருந்தவர்கள்.

மாஸ் ஸ்ட்ரீட்டுக்கு ஓடினோம். தெரு முழுக்கத் தலை. விளக்குக் கம்பத்தில், சிக்னலில், கடைக்கூரையில் ஆட்கள். முன்பின் தெரியாத ஒரு அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். சரி என்று நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன். கூட்டத்தில் பாப்பா தொலைந்துபோனாள். நான் இரண்டு மணிக்கு அவள் வீட்டு சோபாவில் படுத்தது நினைவிருக்கிறது.

காலையில் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. சாப்பாட்டு மேசையில் ஃபிளாஸ்க், அதன் அடியில் ஒரு தாள். பத்து வயதில் இந்தியாவை விட்டுப் போனவளின் கோணல்மாணல் தமிழ்:

"மாமா, எனக்கு வேலை இருக்கு. காப்பி இதுல இருக்கு. கதவை இளுத்து சாத்துங்க."

'ழ' தப்பு. திருத்தலாம் என்று பேனாவைத் தேடிக்கொண்டே தாளைத் திருப்பினேன். பின்பக்கம் கிளை கிளையாகக் கோடுகள், மேலே 2020.

காப்பியைக் குடித்துவிட்டு, கதவை இழுத்துச் சாத்திவிட்டு வந்தேன்.