காற்று குறையட்டும்

ஏப்ரல் 7
சிசிலித் தீவு, கத்தானியா நகரம். மேகம். எட்னா எரிமலை இருக்கும் திசையில் எதுவும் தெரியவில்லை.

ஏப்ரல் 8
விடிந்ததும் வியா எட்னேயாவுக்குப் போனேன். பேராலயச் சதுக்கத்தில் தொடங்கி வடக்கே நூல் பிடித்த மாதிரி போகும் தெரு. வானம் தெளிந்தால் அதன் கடைசியில் எட்னா நிற்கும். இன்று நின்றது. மேல் பாதி முழுக்கப் பனி. உச்சியிலிருந்து கிளம்பிய புகை எழும்பவே இல்லை, கிழக்குப் பக்கம் சாய்ந்து படுத்துக் கிடந்தது. மேலே காற்று கடுமையாக அடிக்கிறது. இங்கே தெருவில் ஒரு இலைகூட அசையவில்லை.

அம்மாவை எழுப்பிக் கூட்டி வருவதற்குள் மூடிக்கொண்டது.

ஏப்ரல் 9
கத்தானியாவிலிருந்து மலைக்குக் காலையில் ஒரே ஒரு பேருந்து, 8.15க்கு. சாப்பியென்சா விடுதி வரை போகும். 1,900 மீட்டர் உயரம். திரும்பும் வண்டி மாலை 4.30க்கு. அதை விட்டால் வேறு வழி பார்க்க வேண்டியதுதான். சாப்பியென்சாவிலிருந்து ரோப்கார் 2,500 மீட்டர் வரை ஏறும். காற்று அதிகமானால் நிறுத்திவிடுவார்கள். காலையில் ஓடியது மதியம் நிற்கலாம். நின்றால் அங்கேயே சுற்ற வேண்டியதுதான்.

காற்று, காற்று, காற்று. இன்று முழுக்க இதே நினைப்பு.

ஏப்ரல் 10
சிரோக்கோ. ஆப்பிரிக்கப் பக்கத்திலிருந்து வரும் காற்று. வானம் பழுப்பாகிவிட்டது, ஜன்னல் விளிம்பில் மெல்லிய மண். அம்மா ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

ஏப்ரல் 11
உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும். இங்கே 20 என்றால் சாப்பியென்சாவில் எட்டு, ரோப்கார் இறங்கும் இடத்தில் நான்கு. காற்றும் சேர்ந்தால் உடம்புக்கு அது பூஜ்யத்துக்கும் கீழேதான். அம்மாவின் கம்பளிச் சட்டை போதாது. என்னுடைய தடித்த ஜாக்கெட் அவளுக்கு, எனக்கு இரண்டு ஸ்வெட்டர்.

ஆனால் என் கவலை குளிர் இல்லை, அம்மாவின் மூச்சு. உச்சியில் உள்ள எரிமலைப் பள்ளங்களிலிருந்து வருவது வெறும் நீராவி அல்ல, கந்தக டை ஆக்சைடும் வருகிறது. மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கு அது கொஞ்சம் பட்டாலே போதும், நெஞ்சை இறுக்கிவிடும். புகை கிழக்கே போனால் தெற்குப் பக்கமான சாப்பியென்சாவுக்கு வராது. வடக்கிலிருந்து காற்று அடித்தால் நேரே நம் மேல்தான் வரும். அப்படியென்றால் வேகத்தை மட்டும் பார்த்தால் போதாது, திசையும் வேண்டும். இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன்.

"நீ இன்ஹேலரை எடுத்து வை, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்றாள். இந்தப் பேச்சைக் கேட்டால் கோபம்தான் வருகிறது.

ஏப்ரல் 12
ரோப்காரில் மேலே போக வேண்டாம் என்று முடிவு செய்தேன். சாப்பியென்சா விடுதிக்குப் பக்கத்திலேயே சில்வெஸ்திரி பள்ளங்கள் இருக்கின்றன. 1892 வெடிப்பில் உண்டானவை. கீழ்ப்பள்ளத்தின் விளிம்பில் நிதானமாக நடந்து பார்க்கலாம். ரோப்காரே தேவையில்லை. கறுப்பும் சிவப்புமாகப் பொடிக்கல், தலைக்கு மேலே பனி. அம்மாவுக்கு அது போதும். போதுமா?

ஏப்ரல் 13
மழை. உர்சீனோ கோட்டைக்குப் போனோம். 13ஆம் நூற்றாண்டில் கடலோரத்தில் கட்டியது. 1669இல் எட்னா கக்கிய எரிமலைக் குழம்பு ஊருக்குள் வந்து, கோட்டையைச் சுற்றிக்கொண்டு கடலில் இறங்கியது. இன்று கோட்டையிலிருந்து கடலுக்குத் தெருத்தெருவாக நடக்க வேண்டும். அம்மா சுவரோரம் உறைந்து கிடந்த கறுங்கல்லில் உள்ளங்கையை வைத்து வெகுநேரம் நின்றாள். "அங்கேருந்து இவ்வளவு தூரமா வந்தது?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

இவளை மலைக்குக் கூட்டிப் போகாமல் அனுப்ப முடியாது. செவ்வாய் இரவு விமானம்.

ஏப்ரல் 14, காலை
இடி. மேலே புதுப்பனி விழுந்திருக்குமாம்.

ஏப்ரல் 14, இரவு
மூன்று முன்னறிவிப்புகள் பார்த்தேன். ஒன்று நாளை மதியம் மழை என்கிறது, ஒன்று மாலை வரை வெயில், இன்னொன்று மணிக்கொரு தரம் மாறுகிறது. எல்லாம் ஒத்துப்போவது ஒன்றில்தான், காலை தெளிவு. வெயில் ஏற ஏறக் கடலின் ஈரம் சரிவில் மேலேறி மேகமாகிவிடும், அதனால் காலைதான் நமக்குள்ள நேரம். கத்தானியாவில் உள்ள எரிமலை ஆய்வகத்தின் அதிர்வு வரைபடத்தையும் பார்த்துவிட்டேன், கோடு அமைதியாக இருக்கிறது. சாம்பல் விழுந்தால் விமான நிலையத்தை மூடிவிடுவார்கள் என்பதும் மனதில் ஓடுகிறது. சரி, அது நாளை மறுநாள் கவலை.

தூக்கம் வரவில்லை.

ஏப்ரல் 15
புகை நேரே மேலே போகிறது! மொட்டை மாடியிலிருந்து பார்த்தேன், நேரே மேலே. அம்மா எனக்கு முன்பே எழுந்து ஜாக்கெட் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். இன்ஹேலர் இரண்டு, தண்ணீர், ரொட்டி, குடை, கறுப்புக் கண்ணாடி. ரோப்கார் ஓடுமா என்று இன்னும் அறிவிப்பு போடவில்லை. ஓடினால் "நானும் வர்றேன்" என்பாள், அங்கே போய்ப் பேசிக்கொள்கிறோம். மணி 7.20, நிலையத்துக்கு இருபது நிமிடம், டிக்கெட் வேறு எடுக்க வேண்டும்