இலையைக் கழுவினீர்களா? புல்தரைத் திசுப் பகுப்பாய்வில் நான் தடுமாறிய இடம்

தோட்டக்கலைப் பட்டப்படிப்பின் செய்முறைத் தேர்வுக்காக, கன்னியாகுமரி மாவட்டத் தக்கலைக்கு அருகே ஒரு புல்தரையில், தென்மேற்குப் பருவமழை விட்ட மறுநாளே மஞ்சள் பாய்ந்திருந்த அருகம்புல்லை வெட்டி, அதிலுள்ள சத்துகளை அளக்கும் திசுப் பகுப்பாய்வுக்கு மாதிரி எடுத்தேன். ஆய்வு முடிவில் இரும்பு 1,200 பிபிஎம்மை (பத்து இலட்சத்தில் 1,200 பங்கு) தாண்டியிருந்ததால், இரும்பு மிகுதியே மஞ்சளுக்குக் காரணம் என்று அறிக்கையில் எழுதிவிட்டேன். புறத்தேர்வாளர் அதைப் படித்துவிட்டு, “இலையக் கழுவினீங்களா?” என்று மட்டும் கேட்டார்.

நம் மாவட்டத்துச் செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் மிகுதி. மழையில் தெறித்து இலையில் ஒட்டும் மண்ணும் ஆய்வகத்தில் புல்லோடு சேர்ந்தே அமிலத்தில் கரைக்கப்பட்டு (இதையே செரித்தல் என்பர்) அளவீட்டில் ஏறிவிடும். என் அறிக்கையில் அலுமினியமும் உயர்ந்தே இருந்தது. இவ்விரண்டும் சேர்ந்து உயர்ந்தால் முதலில் மண் கலப்பையே ஐயுற வேண்டும் என்பதை நான் படித்திருந்தும் பொருத்திப் பார்க்கவில்லை. மாதிரியைக் காய்ச்சி வடித்த நீரில் சட்டென்று அலசினால் போதும். நெடுநேரம் ஊறவிட்டால் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கரைந்து வெளியேறி, இல்லாத குறையொன்றை நாமே உண்டாக்கிவிடுவோம். முட்டம் போன்ற கடலோரங்களில் உப்புக்காற்றால் சோடியமும் இவ்வாறே ஏமாற்றக்கூடும். உரம் தெளித்த உடனே மாதிரி எடுப்பதும், ஈரப்புல்லைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைப்பதும் கூடாது. காகிதப் பையே நல்லது.

வாய்மொழித் தேர்வில் தவறாமல் வரும் வினா ஒன்று உண்டு: மற்ற சத்துகளுக்கு நைட்ரிக், பெர்குளோரிக் அமிலக் கலவையில் செரித்த கரைசலிலேயே தழைச்சத்தையும் (நைட்ரஜனையும்) ஏன் அளக்கக் கூடாது? நைட்ரிக் அமிலத்திலேயே நைட்ரஜன் இருப்பதால், அதற்குக் கந்தக அமிலத்தில் தனியே செரித்து, கெல்டால் முறையில்தான் அளக்க வேண்டும்.

அறிகுறியையும் கூடவே பாருங்கள். தழைச்சத்துக் குறை முதிர்ந்த அடியிலைகளில் தொடங்கும். இரும்புக் குறையோ இளந்தளிரில் நரம்பிடையே வெளிறலாகத் தெரியும். என் புல்லில் அடியிலைகளே முதலில் மஞ்சளாகியிருந்தன. நான் அதைக் குறித்து வைத்திருந்தும், எண்ணைக் கண்டதும் மறந்துவிட்டேன்.

பின்னர் அதே புல்தரையில் பச்சையாக இருந்த பகுதியிலும் மஞ்சள் பகுதியிலும் தனித்தனியே மாதிரி எடுத்து, அலசி உலர்த்தி அனுப்பினேன். இரும்பு இரண்டிலும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது; மஞ்சள் பகுதியில் தழைச்சத்து 2.1 விழுக்காடு, பச்சைப் பகுதியில் 3.4.