மகனுக்கு மாத்திரை இல்லை

9 ஜூன் 2025, திங்கள்

கல்லூரி ரத்த தான முகாமில் மகன் கொடுத்த ரத்தத்தில் ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் இருப்பதாகச் சொல்லி ஆறு மாதம் ஆகிவிட்டது. போன வாரம் எடுத்த சோதனையும் பாசிட்டிவ். ஆறு மாதம் தாண்டியும் ரத்தத்தில் தங்கியிருந்தால் அது நாள்பட்ட தொற்று. வீட்டில் எல்லோருக்கும் பார்த்தோம். கணவருக்கு இல்லை, தடுப்பூசி இரண்டு போட்டாயிற்று, மூன்றாவது பாக்கி. எனக்கு இருக்கிறது.

பெரியவர்களுக்குத் தொற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் தானாகவே சரியாகிவிடுமாம். பிறக்கும்போது தாயிடமிருந்து வந்தால் நூற்றில் சுமார் 90 குழந்தைகளுக்கு அப்படியே நின்றுவிடும். அவன் 2004இல் பெரம்பூரில் பிறந்தான். பிறந்த 24 மணி நேரத்துக்குள் போட வேண்டிய ஊசியைப் பற்றி அன்று யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை. இரவு முழுக்கத் தூக்கம் இல்லை.

13 ஜூன், வெள்ளி

மாமியார் எங்கள் இருவருக்கும் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்திருந்தார். சேர்ந்து சாப்பிடுவதால் இது பரவாது. ரேசர், டூத் பிரஷ், ஊசி இவற்றில்தான் கவனம் வேண்டும். அவரிடம் பொறுமையாகச் சொன்னேன். சாயங்காலம் அவரே டம்ளர்களை உள்ளே வைத்துவிட்டார்.

பெரியம்மா போனில் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடிக்கச் சொன்னார். அதற்கும் நம் ஊரில் ஒரு வரலாறு உண்டு. 1988இல் சென்னை ஆய்வாளர்கள் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள், இந்த வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பெர்க்கும் அதில் ஒருவர். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் மறைந்தது என்றார்கள். பிறகு மற்றவர்கள் செய்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. படித்தபோது எனக்கு வருத்தமாகவே இருந்தது. அது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா?

24 ஜூன், செவ்வாய்

அரசு மருத்துவமனை லிவர் ஓ.பி. எட்டு மணிக்கு வரிசையில் நின்று, பன்னிரண்டரைக்குக் கூப்பிட்டார்கள்.

மகனுக்கு வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, ஒரு மில்லிக்கு 17 கோடி யூனிட். எனக்கு 6,400. எண்ணைப் பார்த்ததும் கை நடுங்கியது. ஆனால் டாக்டரம்மா மாத்திரை எழுதியது எனக்கு! அவனுக்கு ஒன்றும் இல்லை. "எனக்குக் குடுக்குறதை அவனுக்குக் குடுங்கம்மா" என்று கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை. "வைரஸ் நேரா ஈரலைக் கெடுக்கிறதில்லைங்க. நம்ம உடம்பு அதோட சண்டை போடும்போதுதான் ஈரல் புண்ணாகுது. தம்பி உடம்பு இன்னும் சண்டையே ஆரம்பிக்கல." ஈரல் புண்ணானால் ரத்தத்தில் ஏறும் எஸ்.ஜி.பி.டி. அவனுக்கு 22, ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் 4.9, இரண்டும் நார்மல்; வயது 21, வைரஸ் வேகமாகப் பெருகுவதைக் காட்டும் இ ஆன்டிஜன் பாசிட்டிவ். இந்த நிலையில் மாத்திரை கொடுத்தால் வைரஸ் எண்ணிக்கை குறையும், அது வேரோடு போவது அபூர்வம். ஈரல் செல்லின் கருவுக்குள் ஒளிந்திருப்பதை இந்த மாத்திரை தொடாது. ஆரம்பித்தால் வருடக்கணக்கில் விடாமல் போட வேண்டும், இடையில் தானாக நிறுத்தினால் ஈரல் மோசமாக வீங்கிப் போகலாம். எஸ்.ஜி.பி.டி. ஏறினால் உடனே ஆரம்பிப்பார்கள். முப்பது வயதுக்குப் பிறகும் இப்படியே இருந்தால் அப்போது வேறு மாதிரி யோசிப்பார்கள். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒரு முறை ரத்தம் பார்க்க வேண்டும், விடக் கூடாது.

"மருந்து இல்லைன்னா வியாதி இல்லைன்னு நினைச்சுடாதீங்க தம்பி" என்று அவனிடம் இரண்டு தடவை சொன்னார்.

25 ஜூன், புதன்

என் எஸ்.ஜி.பி.டி. 38. லேப் தாளில் 40 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கிறது, டாக்டரம்மா அதைச் சுழித்தார். பெண்களுக்கு 19, ஆண்களுக்கு 30 தாண்டினாலே அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கிறது. ஈரலில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க ஒரு கணக்கு உண்டு; கணக்கு டீச்சர் இல்லையா, நானே போட்டுப் பார்த்தேன். எஸ்.ஜி.பி.டி. போலவே இன்னொரு ஈரல் சோதனையான எஸ்.ஜி.ஓ.டி. 36, மேல் வரம்பு 40, வகுத்தால் 0.9. பிளேட்லெட் ஒரு லட்சத்து அறுபதாயிரம், ஆயிரத்தில் 160. 0.9ஐ 160ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 0.56. 0.5 தாண்டினாலே தழும்பு விழ ஆரம்பித்திருக்கலாம் என்று கணக்கு. ஃபைப்ரோஸ்கேனும் 8.1, வரம்பு 7. ஆறு வருட சர்க்கரை வேறு. அந்த நிறுவனத்தின் 2015 விதிமுறையில், சிர்ரோசிஸ் (ஈரல் முழுக்கத் தழும்பேறிய நிலை) இல்லாதவர்களுக்கு மாத்திரை தர வைரல் லோடு 20,000 தாண்ட வேண்டும். 2024 மார்ச்சில்தான் அதை 2,000 ஆக்கினார்கள். பழைய வரம்பிலேயே நின்றிருந்தால் என்னையும் காத்திருக்கச் சொல்லியிருப்பார்கள், எனக்கோ எந்த வலியும் கிடையாது.

ஆரம்பிக்கும் முன் எச்.ஐ.வி. சோதனையும் எடுத்தார்கள். பயந்துவிட்டேன். எனக்கு எழுதிய டெனோஃபோவிர் எச்.ஐ.வி.க்கும் மருந்து, அந்தத் தொற்று இருப்பவர்களுக்கு இதை மட்டும் தனியாகக் கொடுத்தால் அந்த வைரஸ் மருந்துக்குப் பழகிக்கொள்ளும், அதனால்தானாம். இல்லை என்று வந்தது. கிரியாட்டினின் 0.8, கிட்னி நன்றாக இருக்கிறது.

28 ஜூலை, திங்கள்

இன்று உலக ஹெபடைடிஸ் தினம். 2018இல் இதே நாளில்தான் தேசியத் திட்டம் தொடங்கினார்கள், என் மாத்திரையும் அதில் இலவசமாக வருகிறது. ஒரு மாதமாக ஒரு நாள்கூட விடவில்லை. இரவு ஒன்பது மணிக்கு அவன்தான் தண்ணீரோடு எடுத்து வந்து நிற்கிறான்.

அவனுடைய அடுத்த தேதி செப்டம்பர் 23. காலண்டரில் சிலிண்டர் புக் பண்ணிய தேதிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறான். அப்போது பள்ளியில் காலாண்டுத் தேர்வு நடக்கும், ஹெச்.எம்.மிடம் இப்போதே லீவு சொல்லிவிட்டேன்.