ஊசல் ஆய்வகக் குறிப்பு: எண் ஒத்துவராதபோது

ஜூலை 3
தனி ஊசல், நீளம் 1 மீட்டர். 20 அலைவுக்கு 38.2 நொடி வந்தது. இதிலிருந்து கணக்கிட்டால் ஈர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பதில் 10.8 மீ/நொடி² ஆகிவிடுகிறது. இப்படி வந்த அளவீட்டை அழிக்கவே கூடாது, துப்பு அதில்தான் இருக்கிறது. வரவேண்டியது 40.2. குறைவது 2 நொடி, அதாவது ஓர் அலைவு. குண்டை விட்டதுமே "ஒன்று" என்று எண்ணினால் 20 சொல்லும்போது 19 அலைவுதான் முடிந்திருக்கும். நடுக்கோட்டைக் கடக்கையில் "பூஜ்யம்" என்று தொடங்க வேண்டும்.

ஜூலை 5
இன்றையது நுட்பமானது. ஈர்ப்பு முடுக்கம் 60 செ.மீ. நீளத்துக்கு 9.58, 100 செ.மீ.க்கு 9.66. கைத்தடுமாற்றம் என்றால் மதிப்புகள் மேலும் கீழுமாகச் சிதறும். இங்கே நீளத்தோடு சேர்ந்து ஏறுகின்றன. அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைந்தால் நல்ல நேர்கோடு, ஆனால் ஆதிப்புள்ளி வழியே போகவில்லை. நீள அச்சைச் சுழிக்கு இடப்பக்கம் ஏறக்குறைய 1.2 செ.மீ.யில் வெட்டுகிறது. வெர்னியர் அளவியில் குண்டின் விட்டம் 2.5 செ.மீ., ஆரம் 1.25 செ.மீ. நூலைக் குண்டின் உச்சிவரை மட்டும் அளந்தது தெரிந்துவிட்டது. மையம்வரை அளக்க வேண்டும். வெட்டு ஆரத்தைவிடப் பெரிதாக இருந்தால் பிளவுத்தக்கையை (மேலே நூலைப் பிடித்திருக்கும் பிளந்த தக்கையை) பாருங்கள்: பிடி தளர்ந்தால் நூல் இன்னும் மேலிருந்து ஆடும். கோட்டின் சாய்விலிருந்து கணக்கிட்டால் இந்தப் பிழையோடேயே 9.78 கிடைக்கிறது. ஒரே நீளத்தில் அளந்து முடிப்பதை நான் ஏற்காததற்கு இதுவே காரணம்.

ஜூலை 8
வீச்சு, அதாவது குண்டை இழுத்துவிடும் கோணம். சந்தேகத்தை வேண்டுமென்றே பெரிதாக்கிப் பார்ப்பது நல்ல வழி. 30 பாகையில் அலைவு நேரம் 1.7 சதவீதம் கூடி, மதிப்பு 9.45க்கு இறங்கும். 5 பாகையில் கூடுவது வெறும் 0.05 சதவீதம்.

ஜூலை 11
எல்லாம் திருத்தியும் 9.78. புத்தகத்தில் 9.81. இதை "கிட்டத்தட்ட சரி" என்று விடக் கூடாது. 1 மீட்டரில் 100 அலைவுக்கு 9.81 என்றால் 200.6 நொடி, 9.78 என்றால் 200.9. கடிகாரத்தை அழுத்தும் கை 0.1, 0.2 நொடி பிசகும். ஆகவே பலமுறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். நீளத்தில் 1 மி.மீ. தவறினாலே மதிப்பு 0.01 நகரும். இவ்வளவுக்குப் பிறகும் 9.78 நின்றால் அதுதான் சென்னையின் மதிப்பு. 9.81 ஐரோப்பிய அட்சரேகைகளுக்குரியது.

ஈர்ப்பு இப்படி இடத்துக்கு இடம் மாறுவதைத்தான் 1672இல் பிரெஞ்சு வானியலாளர் ஜான் ரிஷே நிலநடுக்கோட்டுக்கு அருகே, தென்னமெரிக்காவின் கயேனில் பார்த்தார். பாரிஸில் நொடிகாட்டிய ஊசலை அங்கே சுமார் 2.8 மி.மீ. குறைக்க வேண்டியிருந்தது. வெயிலில் தண்டு நீண்டிருக்கலாம் என்ற ஐயத்தை நியூட்டன் கணக்கிட்டுப் பார்த்தார். அந்த நீட்சி போதவில்லை. பூமி நிலநடுக்கோட்டில் புடைத்திருக்கிறது என்பதற்கு இந்த அளவீட்டைச் சான்றாக எடுத்துக்கொண்டார்.