18-க்கு 27: கையால் ஒரு புத்தகம்

மார்ச் 2, ஞாயிறு

பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸில் ஏ3 தாள் வாங்கினேன். திருக்குறள் அறத்துப்பாலைக் கையால் எழுதிக் கட்டப்போகிறேன். 38 அதிகாரம், பக்கத்துக்கு ஒன்று. 10 தாளை மடித்தால் 40 பக்கம். முதல் இரண்டு தலைப்புக்கு.

கடையிலேயே தாளை லேசாக வளைத்துப் பார்த்தேன். எந்தத் திசையில் மடிப்புக்கோடு எளிதாக விழுகிறதோ அதுதான் தாளின் இழை (நார்) ஓடும் திசை. புத்தக முதுகுக்கு இணையாக இழை ஓடவேண்டும். குறுக்கே ஓடினால் சிங்கப்பூர் ஈரக்காற்றில் பக்கங்கள் நெளிந்துவிடும்.

மார்ச் 5, புதன்

பக்கம் 18 செ.மீ. அகலம், 27 உயரம், 2:3 விகிதம். எழுத்துக்கட்டம் எங்கே உட்காரவேண்டும் என்று பார்க்க, எதிரெதிர் இரண்டு பக்கங்களையும் விரித்து மூலைவிட்டங்கள் போட்டேன். புத்தகப் பக்க அமைப்பை ஆராய்ந்த வான் டி கிராஃப் 1946-ல் காட்டிய முறை இது. ஐரோப்பாவின் இடைக்காலக் கையெழுத்து நூல்களை அளந்து பார்த்துப் புத்தக வடிவமைப்பாளர் யான் சிகோல்ட் 1953-ல் சொன்னதும் இதே அமைப்புதான். அளவுகோலில் எண்ணே தேவையில்லை. கோடுகள் தாமாக இடம் காட்டுகின்றன. கோடுகள் வெட்டிய புள்ளிதான் எழுத்துக்கட்டத்தின் மேல் மூலை; அதை அளந்தேன்: முதுகிலிருந்து 2 செ.மீ., மேலிருந்து 3. வெளி ஓரம் 4, அடி 6. எழுத்துக்கட்டம் 12-க்கு 18. கட்டத்தின் உயரமும் பக்கத்தின் அகலமும் ஒன்றே! வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிந்த பக்கத்தின்மேல் 1.618 என்ற தங்க விகிதச் சுருளை ஒட்டிக் காட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வடிவம் எழுத்துக்கு முன்னால் வரவேண்டும்.

மார்ச் 9, ஞாயிறு

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலுக்குப் போனபோது தோன்றியது. இந்தப் பக்கம் அகலத்திலும் உயரத்திலும் ஒன்பதாகப் பிரிகிறது; 81 கட்டம். கோயில் கட்டும் மனையைப் பகுக்கச் சிற்ப நூல்கள் சொல்லும் பரமசாயிக மண்டலத்துக்கும் 81 பதம் (கட்டம்). ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று சொல்லமாட்டேன். அது சதுரம், இது செவ்வகம். ஆனால் கட்டுவதற்கு முன் மனையைப் பகுத்துக்கொள்ளும் ஒழுங்கு இரண்டிலும் இருக்கிறது. அதனால்தான் கோடு போடும்போது எனக்கு வழிபாட்டு மனநிலை வந்துவிடுகிறது.

மார்ச் 15, சனி

எழுத ஆரம்பித்தாயிற்று. அதிகாரத்துக்குப் பத்துக் குறள், 20 அடி. 18 செ.மீ. உயரத்தில் அடிக்கு 9 மில்லிமீட்டர். கொம்புக்கும் சுழிக்கும் தாராளம்.

"அடியில இவ்ளோ எடம் வீணாப் போகுதேம்மா" என்றாள் மகள். மாதிரித்தாளை அவள் கையில் கொடுத்தேன். கட்டைவிரல் தானாகவே அந்த ஓரத்தில் போய் உட்கார்ந்தது; ஒரு சொல்லும் மறையவில்லை. "சரிதான்" என்றாள்.

நீளமான முதலடிகள் வலக்கரையை முட்டுகின்றன. நாளைக்கு மெல்லிய நிப் போட்டு எழுத்தைக் கொஞ்சம் சிறிதாக்கப்போகிறேன். ஓரத்தைத் தொடுவதாக இல்லை.